மயில்கழுத்துச் சுவரில் என் கை

என் மகள் தன் வீட்டு ஹாலுக்கு மயில்கழுத்து நிறத்தில் பெயிண்ட் அடிக்கப்போவதாகச் சொன்னபோது, நான் அவள் வீட்டுக்கு வந்து சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. அதனால் வாயைத் திறக்கவில்லை. பெண் கொடுத்த வீட்டில் கை நனைப்பதற்கே யோசிக்கிற குடும்பம் எங்களுடையது. என் அக்காவைப் பார்க்கப் போனால் அப்பா ஒரு டம்ளர் மோர் குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுவார். அவருடைய மகன் நான், அரியலூரில் மகள் வீட்டில் எனக்கென்று ஒரு அறை, ஒரு கட்டில், ஒரு தட்டு என்று உட்கார்ந்திருந்தேன்.

வேறு வழி இருக்கவில்லை. ஜெயங்கொண்டத்தில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். மீன்சுருட்டியில் சொந்த வீடு இருந்தது. மனைவி இறந்த பிறகு அங்கே தனியாக இருந்து பார்த்தேன். ஒரு நாள் மகள் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றாள். அடுப்பில் சோறு கருகிக்கொண்டிருந்தது, நான் கட்டிலில் படுத்திருந்தேன். கருகிய வாசனை எனக்குத் தெரியவே இல்லை. என் வேட்டி சட்டைகளை ஒரு பையில் எடுத்து வைத்தாள். வீட்டைப் பூட்டிச் சாவியைத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

அவர்களுடைய வீடு புதிது. லோன் போட்டுக் கட்டி, அவசர அவசரமாகப் பால் காய்ச்சிக் குடிவந்திருந்தார்கள். உள்ளே வெள்ளை பிரைமர் மட்டும்தான் அடித்திருந்தது. மகளுக்கு ஒரு தனியார் ஆஸ்பத்திரி லேபில் வேலை. மருமகன் பெரம்பலூர்ப் பக்கம் ஒரு கம்பெனிக்கு ஷிப்ட் வேலைக்குப் போய்வருகிறார். என்ன நிறம் அடிப்பது என்பதில் இரண்டு பேருக்கும் ஒத்துவரவில்லை. அவருக்குச் சந்தன நிறம்தான் பிடித்தது. அவர் அம்மாவும் செட்டிகுளத்திலிருந்து போனில் அதையேதான் சொன்னார்.

"லேபுல நாள் முழுக்க வெள்ளைச் சுவரு, வெள்ளை லைட்டு. வெளிய வந்தா ரோடெல்லாம் சுண்ணாம்புக்கல்லு லாரி, வெள்ளைப் புழுதி. கண்ணு கூசுதுங்க. வூட்டுக்குள்ள வந்தா கண்ணு ஆறணும்" என்றாள் மகள்.

"அதுக்காக இவ்ளோ இருட்டாவா?"

"இருட்டு இல்லீங்க. ஆழம்."

அந்தச் சொல்லைக் கேட்டு மருமகன் சிரித்துவிட்டார். அவர் சிரித்தால் சம்மதித்துவிட்டார் என்று அர்த்தம்.

பெரம்பலூரில் ஒரு பெயிண்ட் கடைக்கு மூன்று பேரும் போனோம். நான் வரவில்லை என்றுதான் சொன்னேன், அவள் கேட்கவில்லை. கடைக்காரர் ஷேட் கார்டை விரித்துவிட்டு, அவள் காட்டிய நிறத்தைப் பார்த்ததும் தலையைச் சொறிந்தார். "ஹாலுக்கா கேக்குறீங்க? இது வெளிய கேட்டுக்கு அடிக்கிற மாதிரில்ல இருக்கு மேடம்." பச்சையா நீலமா என்று சொல்ல முடியாத நிறம். கல்யாணப் பட்டில் மயில்கழுத்து என்பார்களே, அதில் இன்னும் ஒரு பங்கு கறுப்பைக் கலந்தது போல. பளபளப்பில்லாத மேட் பெயிண்ட்தான் வேண்டும் என்று அவள் பிடிவாதமாக நின்றாள். மெஷினில் டப்பாவை வைத்துக் குலுக்கினார்கள். மூடியைத் திறந்ததும் அவள் குனிந்து பார்த்தாள். முகத்தில் அப்படி ஒரு நிறைவு. அவளைப் பெற்றவன் நான். அவளுக்கு இந்த நிறம் பிடிக்கும் என்பது அதுவரை எனக்குத் தெரியாது.

அடித்து முடித்து, ஜன்னலுக்கு வெள்ளைத் திரை போட்டு, மூலையில் ஒரு பித்தளை விளக்கும் மஞ்சள் பல்பும் வைத்த பிறகு அந்த ஹால் வேறு இடமாகிவிட்டது. மத்தியான வெயிலில் வெளியே போய்விட்டு உள்ளே வந்தால், உச்சி வேளையில் கிணற்றுக்குள் எட்டிப் பார்ப்பது போல முகத்தில் ஒரு குளிர்ச்சி. சம்பந்தி அம்மா வந்து பார்த்தார். நடு ஹாலில் நின்று சுற்றிலும் திரும்பினார்.

"புது வூட்டுல யாராச்சும் இருட்ட வாங்கி அப்புவாங்களா? வர்றவங்க போறவங்க என்ன சொல்லுவாங்க?"

"எனக்குப் புடிச்சிருக்கு அத்தை" என்றாள் மகள். அவ்வளவுதான் சொன்னாள்.

எனக்கும் பிடித்துத்தான் இருந்தது. ஆனால் அந்த வீட்டில் ஒன்று எனக்குப் பிடித்திருக்கிறது என்று சொல்வதுகூட உரிமை கொண்டாடுவது போலாகிவிடும் என்று தோன்றியது. அதனால் சொல்லவில்லை.

எனக்குத் தலைச்சுற்றல் அதற்கு முன்பே வந்துவிட்டது. படுத்திருந்து எழுந்தால் தரை ஒரு பக்கமாகச் சாயும். கொஞ்ச நேரம் எதையாவது பிடித்துக்கொண்டால் சரியாகிவிடும். யாரிடமும் சொல்லவில்லை. சோறு போட்டுத் துணி துவைத்துக் கொடுக்கிற இடத்தில், வைத்தியத்துக்கும் அழைத்துப் போங்கள் என்று எந்த வாயால் கேட்பது? என் அறைக் கதவிலிருந்து ஹாலின் நீளச் சுவரை ஒட்டிப் போனால் கடைசியில் பாத்ரூம். விடியற்காலையில் எழுந்ததும் அந்தச் சுவரில் கை வைத்து மெல்ல நடப்பேன். சுவர் என்னைக் கொண்டுபோய் விடும். சுவரே திரும்பக் கொண்டுவந்து விடும்.

ஒரு நாள் மாலை வீட்டில் நான் மட்டும் இருந்தேன். ஜன்னல் திரை விலகி வெயில் சுவர் மீது சாய்வாக விழுந்தது. அப்போதுதான் பார்த்தேன். என் அறைக் கதவிலிருந்து பாத்ரூம் வரைக்கும் வரிசையாக உள்ளங்கைத் தடங்கள். தலைக்குத் தேய்க்கிற தேங்காய் எண்ணெய், நெற்றிக்கு இடுகிற திருநீறு, கைவியர்வை எல்லாம் ஏறி, சில இடத்தில் பளபளவென்றும் சில இடத்தில் சாம்பல் பூத்தும் இருந்தன. விரல் விரலாக எண்ணலாம் போலிருந்தது. நான் எந்த இடத்தில் தடுமாறினேன், எந்த இடத்தில் இரண்டு கையையும் ஊன்றினேன் என்பதெல்லாம் அந்தச் சுவரில் இருந்தது. என் உடம்பு கூசிவிட்டது. வேட்டி நழுவி நடுத்தெருவில் நிற்பவனைப் போல நின்றேன்.

வாளியில் தண்ணீர் பிடித்து, சோப்புத்தூள் போட்டு, துணியை நனைத்துத் துடைத்தேன். ஈரமாக இருக்கும்வரை எல்லாம் போய்விட்ட மாதிரி தெரிந்தது. காய்ந்ததும் துடைத்த இடமெல்லாம் மேகம் மேகமாக வெளுத்துக் கிடந்தது. இன்னும் அழுத்தித் தேய்த்தேன். அந்த இடத்தில் சுவர் வழுவழுப்பாகிவிட்டது. கைத்தடமாவது பரவாயில்லை என்று ஆனது. மூலையில் கிடந்த துணி ஸ்டாண்டை இழுத்துவந்து பெரிய மேகத்தை மறைத்து வைத்தேன். மகள் வேலை முடிந்து வந்து, ஸ்டாண்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், கைகால் கழுவப் போய்விட்டாள்.

அடுத்த முறை சம்பந்தி அம்மா வந்தபோது நான் என் அறையில் இருந்தேன். அவர் குரல் கேட்டது.

"என்ன இது, சுவரெல்லாம் தேமல் விழுந்த மாதிரி இருக்கு? இதுக்குத்தான் சந்தனக் கலரு அடிங்கன்னு தலப்பாடா அடிச்சுக்கிட்டேன்."

"நான்தான் அத்தை. மாவுக் கையோட தொட்டுட்டேன். தொடைச்சேன், அப்படி ஆயிடுச்சு."

"இம்புட்டு நீளத்துக்கா மாவுக் கைய வச்ச?"

நான் கட்டிலில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. அத்தனை பேரிடம் பேசி ஜெயித்து அவள் அடித்த நிறத்தை என் கை கெடுத்துக்கொண்டிருக்கிறது. அந்தப் பழியையும் அவளே எடுத்து வைத்துக்கொள்கிறாள். எழுந்து போய் "என் கைதான் சம்பந்தி" என்று சொல்லியிருக்கலாம். அதைச் சொன்னால் தலைச்சுற்றலையும் சொல்ல வேண்டும். உட்கார்ந்தே இருந்தேன்.

அன்றிலிருந்து தலைக்கு எண்ணெய் வைப்பதை விட்டேன். துண்டை மடித்துக் கையில் சுற்றிக்கொண்டு அதைச் சுவரில் ஊன்றி நடந்தேன். ஆள் இருக்கும் நேரத்தில் அறையை விட்டு வெளியே வருவதைக் குறைத்துக்கொண்டேன். மருமகன் ஒரு நாள், "மாமா, ஏன் ரூமுலயே இருக்கீங்க? ஹால்ல வந்து டிவி பாருங்க" என்றார். கண் வலிக்கிறது என்று சொன்னேன்.

இதற்கிடையில் மகள் உண்டானாள். கல்யாணமாகி வெகுநாள் கழித்து. வீடே மெதுவாகப் பேச ஆரம்பித்தது. ஏழாம் மாதம் வளைகாப்பு என்று முடிவானபோது எனக்குச் சந்தோஷத்தோடு கூடவே ஒரு கவலையும் வந்தது. வளைகாப்பு முடிந்தால் பெண்ணைத் தாய் வீட்டுக்கு அழைத்துப் போக வேண்டும். தாய் இல்லை. வீடு பூட்டிக் கிடக்கிறது. அழைத்துப் போக வேண்டியவனோ அவள் வீட்டிலேயே சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான்.

வளைகாப்பன்று அந்த நீளச் சுவரின் முன்னால்தான் மகளை நாற்காலியில் உட்கார வைத்தார்கள். மேலிருந்து மல்லிகைச் சரங்களைத் தொங்கவிட்டிருந்தார்கள். அந்தக் கரும் நிறத்தின் மேல் பூ அப்படி எடுப்பாக இருந்தது. வந்த பெண்களில் சிலர், "கலரு நல்லாத்தான்டி இருக்கு" என்றார்கள். சம்பந்தி அம்மாகூட ஒன்றும் சொல்லவில்லை. மகள் அன்றைக்கு அரக்கு நிறப் புடவையில் இருந்தாள். மேகங்களையெல்லாம் பூவும் வாழைக்கன்றும் மறைத்திருந்தன. நான் ஆண்களோடு வாசல் பந்தலில் நின்றேன்.

பெண்கள் வரிசையாகச் சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, வளையல் போட்டு முடித்தார்கள். அப்போது மகள் குரல் கொடுத்தாள். "அப்பா எங்க? அப்பாவ வரச் சொல்லுங்க. அவரும் பூசட்டும்."

யாரோ, "ஆம்பளைங்க எதுக்கு?" என்றார்கள். மனைவி இல்லாதவன் எதற்கு என்பது அதற்குள் இருந்தது என்று எனக்குப் பட்டது. ஒருவேளை அப்படி இல்லாமலும் இருக்கலாம்.

"எங்கம்மா இருந்தா அம்மா பூசியிருப்பாங்க. அப்பா பூசட்டும்" என்றாள்.

உள்ளே போனேன். செருப்பில்லாத காலில் பூவிதழ்கள் ஒட்டின. கிண்ணத்தில் சந்தனத்தைக் குழைத்து நிறையவே வைத்திருந்தார்கள். அவசரத்தில் அள்ளியது அதிகமாகிவிட்டது. குனிந்து அவள் இரண்டு கன்னத்திலும், கைகளிலும் பூசினேன். அவள் கண் கலங்கியிருந்தது. என்னையும் அது தொற்றிக்கொள்வதற்குள் போய்விட வேண்டும் என்று சட்டென்று நிமிர்ந்தேன். நிமிர்ந்திருக்கக் கூடாது.

தரை சாய்ந்தது. பூச்சரத்தைப் பிடித்தேன், அது அறுந்துகொண்டு வந்தது. அடுத்து என் வலது கை முழுசாகச் சுவரில் அறைந்தது. அப்படியே சறுக்கி, நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மகள், "அப்பா!" என்று கத்தியது கேட்டது. தலை தெளிந்து பார்த்தபோது, அவள் தலைக்குப் பக்கத்தில், அந்தக் கரும் பச்சை நீலத்தில் ஐந்து விரலும் பதிந்து கீழே இழுபட்ட மஞ்சள் சந்தனக் கை.

யாரோ ஒரு சின்னப் பெண் சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். சம்பந்தி அம்மா ஈரத்துணியோடு ஓடிவந்து தேய்த்தார். சந்தனம் இன்னும் அகலமாகப் பரவியது.

"விடுங்க அத்தை, தேய்க்காதீங்க."

"நல்ல சகுனம்தான்ப்பா, சந்தனக் கை பட்டா" என்றார் ஒரு வயதான அம்மாள், எனக்காக. அந்தக் கருணைதான் என்னை இன்னும் குன்றவைத்தது. சிரித்தவளை நிமிர்ந்து பார்க்க முடிந்தது. அந்த அம்மாளைப் பார்க்க முடியவில்லை.

என்னை ஒரு நாற்காலியில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள். பேச்சை மாற்றுவதற்காக யாரோ கேட்டார்கள். "சரி, பொண்ண எந்த வூட்டுக்குக் கூட்டிட்டுப் போறீங்க? மீன்சுருட்டிக்கா?"

கேட்டவருக்குக் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. நான் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மருமகன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் மகள் சொன்னாள்.

"எங்கயும் போகல. அப்பா இங்கதான இருக்காரு. நான் எதுக்கு வேற வூட்டுக்குப் போகணும்?"

வாழ்க்கையில் என்னைப் பற்றி யாரும் இவ்வளவு பெரிய வார்த்தை சொன்னதில்லை. ஆனால் அந்த நேரத்தில் அது எனக்குப் பெருமையாக இல்லை. எல்லோருக்கும் முன்னால் என்னை ஒருத்தி தூக்கிப் பிடிக்க வேண்டியிருக்கிறதே என்றுதான் இருந்தது.

எல்லோரும் கலைந்த பிறகு மருமகன் என் அறைக்கு வந்து கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்தார்.

"மாமா, எத்தனை நாளா தலை சுத்துது?"

"இன்னைக்குத்தான் மாப்பிள்ளை. காலையில சாப்பிடல."

"சுவத்தப் பாத்தாலே தெரியுதுங்களே மாமா" என்றார். குரலில் கோபம் இல்லை. "எங்கிட்டச் சொல்லக் கூச்சமா இருந்தா அவகிட்டயாவது சொல்லியிருக்கலாம்."

மறுநாளே லீவு போட்டு என்னை டாக்டரிடம் அழைத்துப் போனார். படுத்து எழும்போது பிரஷர் இறங்கிவிடுகிறது, நான் நெடுநாளாகச் சாப்பிட்டுவந்த மாத்திரைதான் எனக்கு அதிகம் என்றார் டாக்டர். மாத்திரையை மாற்றினார், எழுந்ததும் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு நடக்கச் சொன்னார். இத்தனை சின்ன விஷயத்தையா இவ்வளவு நாள் மூடி வைத்தோம் என்று அதற்கும் வெட்கப்பட்டேன்.

சுவரை அடுத்த வாரமே சரிசெய்துவிடலாம் என்று நினைத்தேன். பரணில் மிச்ச பெயிண்ட் இருந்தது. எடுக்கப் போனபோது சம்பந்தி அம்மா தடுத்துவிட்டார். பிரசவ உதவிக்கென்று அவர் இங்கேயே தங்கியிருந்தார்.

"மாசமா இருக்குற பொண்ணு வூட்டுல சுவத்தத் தொடக்கூடாதுங்க சம்பந்தி. பூசறது, அடிக்கிறது, ஆணி அடிக்கிறது ஒண்ணும் கூடாது. புள்ள பொறக்கட்டும்."

மகளுக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனால் அத்தையின் மனசு கஷ்டப்பட வேண்டாம் என்று சரி என்றுவிட்டாள். ஆக, அந்தக் கை சுவரிலேயே இருந்தது. சந்தனம் காய்ந்து உதிர்ந்தாலும் அதன் எண்ணெய் சுவரில் இறங்கியிருந்தது. மகளைப் பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் ஹாலில்தான் உட்கார்வார்கள். காபி குடித்துக்கொண்டே, "அது என்ன கை மாதிரி?" என்பார்கள். குடும்ப வாட்ஸ்அப்பில் வந்த வளைகாப்புப் படங்களிலும் அது இருந்தது. "யார் கை அது?" என்று சென்னையிலிருந்து ஒருவர் கேட்டிருந்தார். "எங்க அப்பா கை" என்று மகள் பதில் போட்டிருந்தாள். அதற்குக் கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். நான் போனைக் கவிழ்த்து வைத்தேன்.

ஆனால் ஒன்று. மறைக்க வழியில்லை என்று ஆன பிறகு, மறைக்கிற வேலை இல்லாமல் போயிற்று. துணி ஸ்டாண்டைப் பழைய மூலையில் கொண்டுபோய் வைத்தேன். ஹாலில் உட்கார ஆரம்பித்தேன். சம்பந்தி அம்மா கீரை ஆய்வார். நான் பேப்பர் படிப்பேன். ஒரு நாள் அவர், "நானும் உங்கள மாதிரி கொஞ்ச நாளு மக வூட்டுல இருந்தவதான். காலு ஒடிஞ்சு கெடந்தப்ப. தெனம் அழுவேன்" என்றார். அவ்வளவு தூரம் அவர் என்னிடம் பேசியது அதுதான் முதல் தடவை. நான், "கீரை நல்ல எளசா இருக்கே" என்றேன். அவர் சிரித்தார்.

மகளுக்கு வலி எடுத்தது ஒரு காலை நேரத்தில். ஆஸ்பத்திரியில் அவளை முன்னாலேயே உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். நாங்கள் மாடிப்படி ஏறி, நீளமான வராந்தாவில் போக வேண்டியிருந்தது. சுவரெல்லாம் வெள்ளை டைல்ஸ். கை வைத்தால் வழுக்கும். மருமகன் இரண்டு பையோடு முன்னால் வேகமாகப் போய்க்கொண்டிருந்தார். படி ஏறிய மூச்சில் எனக்குக் கண் இருட்டியது. பழைய நானாக இருந்தால் அங்கேயே நின்று, செருப்பைச் சரிசெய்வது போலப் பாவனை செய்திருப்பேன்.

"மாப்பிள்ளை" என்றேன். "கொஞ்சம் கையக் குடுங்க."

அவர் திரும்பி வந்து, பைகளை ஒரே கையில் மாற்றிக்கொண்டு, மறு கையை நீட்டினார். கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். எதிரே வந்த நர்சும் பெஞ்சில் இருந்தவர்களும் பார்த்தார்கள். முகம் சுட்டது. ஆனாலும் விடவில்லை. மகள் இருந்த அறை வரைக்கும் அப்படியே போனோம்.

பெண் குழந்தை. தீட்டுக் கழிந்து வீட்டைச் சுத்தம் செய்த பிறகு மருமகனும் நானும் பெரம்பலூருக்குப் போனோம். கடைக்காரருக்கு எங்களை ஞாபகம் இருந்தது. "கலர மாத்திடலாமா சார்?" என்று மருமகனைக் கேட்டார். அவர் என்னைப் பார்த்தார்.

"அதே கலரு. தொடைச்சா போற மாதிரி குடுங்க" என்றேன்.

அந்த நிறத்திலேயே கழுவித் துடைக்கிற வகை இருக்கிறதாம். முதலிலேயே சொன்னேன், மேடம்தான் கேட்கவில்லை என்றார் கடைக்காரர். மேடம் கேட்கமாட்டாள் என்று மருமகன் சொன்னார். அடித்து முடித்தபோது முன்னைவிட லேசாக மினுங்கியது. மகளுக்கு அந்த மினுக்கம் அவ்வளவாகப் பிடிக்கவில்லை. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு சுவரை ஒரு பக்கமாகச் சாய்ந்து பார்த்தாள்.

"மேட் மாதிரி வரலப்பா."

"என்னாலதான்."

"ஆமா, உங்களாலதான்" என்றாள். சொல்லிவிட்டு, குழந்தையை என்னிடம் கொடுப்பதற்கு முன்னால், "உக்காருங்க மொதல்ல" என்றாள். உட்கார்ந்து வாங்கிக்கொண்டேன்.

கூச்சம் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். உறவுக்காரர்கள் வந்து, "இங்கயேதான் இருக்கீங்களா?" என்று கேட்கும்போது இன்னமும் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்கிறது. "ஆமாங்க, இங்கதான்" என்று சொல்லிப் பழகிக்கொண்டிருக்கிறேன்.